மெடிகேருக்குப் பதில் வவுச்சர்: ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுமை பற்றிய உங்கள் சமீபத்திய கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், அமெரிக்கா செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்று. அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது.

டல்லாஸில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். வயது 47. இருபது வருடத்துக்கும் மேலாக என் சம்பளத்தில் 1.45 சதவீதம் மெடிகேருக்குப் போகிறது. கம்பெனியும் அதே அளவு கட்டுகிறது. அந்த நிதி 2033-ல் தீர்ந்துவிடும் என்று அரசின் அறிக்கையே சொல்கிறது. எனக்கு 65 ஆகும்போது என்ன மிஞ்சும்? இதற்கு நேர்மையான வழி ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு மூத்தோருக்கும் வருடம் இவ்வளவு என்று ஒரு தொகையை அரசு வவுச்சராகக் கொடுத்துவிட வேண்டும். அதை வைத்து அவரவருக்குப் பிடித்த தனியார் காப்பீட்டை வாங்கிக்கொள்ளட்டும். அரசுக்குச் செலவு இவ்வளவுதான் என்று தெரியும். கம்பெனிகள் போட்டி போட்டு விலையைக் குறைக்கும். கார் இன்சூரன்ஸில் நடப்பது இங்கே ஏன் நடக்காது? தன் உடம்புக்கு எது வேண்டும் என்று 65 வயதுக்காரருக்குத் தெரியாதா? ஏன் அவர்களைக் குழந்தைகள்போல நடத்துகிறோம்?

இன்னொன்று. என் பெற்றோர் கிரீன் கார்டில் வந்து ஐந்து வருடம் முடியப்போகிறது. இருவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. இங்கே வேலை பார்க்காததால் மெடிகேரைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2025 கணக்கில் மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ 518 டாலர், மருத்துவர் கட்டணம் போன்றவற்றுக்கான பார்ட் பி 185 டாலர். ஒருவருக்கு மாதம் 703. இவ்வளவு கட்டியும் பல் வைத்தியம் கிடையாது, கண்ணாடி கிடையாது, காது மெஷின் கிடையாது. இதைப் போய் நல்ல காரியம் என்கிறீர்களே?

அன்புடன்,
எஸ்., டல்லாஸ்

---

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. பல், கண், காது மூன்றையும் விட்டுவிட்டு முதியவர்களுக்கான மருத்துவத் திட்டம் என்று ஒன்றை வைத்திருப்பது எந்த விதத்திலும் நியாயமில்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருக்கிறது. அரசே நேரடியாக நடத்தும் அசல் மெடிகேரில் நோயாளி கையிலிருந்து போகும் பணத்துக்கு உச்சவரம்பே கிடையாது. 1988-ல் உச்சவரம்பு வைத்து ஒரு சட்டம் வந்தது. ஆனால் அதற்கான செலவு முழுவதையும் மூத்தோர் தலையிலேயே கட்டினார்கள். அவர்களே எதிர்த்து நின்று அடுத்த வருடம் அதை ரத்து செய்ய வைத்தார்கள். அதன் பிறகு அந்தப் பக்கம் போக யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆகவே, இன்று இருப்பது அப்படியே இருக்கட்டும் என்று வாதாட நான் வரவில்லை.

முதலில் அந்த 2033. 2025-ல் வந்த அறங்காவலர் அறிக்கை சொல்வது பார்ட் ஏ-வின், அதாவது மருத்துவமனைச் செலவுக்கான நிதியின், கையிருப்பு தீரும் வருடத்தை. கையிருப்பு தீர்ந்தாலும் உங்களைப் போன்றவர்களின் சம்பளத்திலிருந்து வரி வந்துகொண்டேதான் இருக்கும். அந்த வரவில் செலவில் 89 சதவீதத்தைக் கொடுக்க முடியும் என்று அதே அறிக்கை சொல்கிறது. பார்ட் பி-யும் மருந்துக்கான பார்ட் டி-யும் பொது வரிப்பணத்திலும் பிரீமியத்திலும் நடப்பவை. அவற்றில் கஜானா காலி என்ற பேச்சுக்கு இடமில்லை. மீதி 11 சதவீதப் பள்ளம் நிஜம். அதை நிரப்பியாக வேண்டும். ஆனால் நிதியில் பள்ளம் இருக்கிறது என்பதும், திட்டத்தையே வேறொன்றாக மாற்ற வேண்டும் என்பதும் தனித்தனி விஷயங்கள்.

இனி வவுச்சர். இன்றைய சட்டம் ஒரு மூதாட்டிக்குக் கொடுக்கும் வாக்கு இது: உனக்கு இந்தச் சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொன்னால், இந்தப் பட்டியலில் இருந்தால், அதன் விலை என்னவானாலும் எங்கள் பங்கை நாங்கள் கொடுப்போம். வவுச்சர் கொடுப்பது ஒரு தொகைக்கான வாக்கு. முதல் வருடம் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சிகிச்சையின் விலை தொகையைத் தாண்டி ஏறும்போது, அந்த மிச்சத்தை யார் சுமப்பது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. உங்கள் கடிதத்தில் "அரசுக்குச் செலவு இவ்வளவுதான் என்று தெரியும்" என்ற வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மருத்துவச் செலவு நிச்சயமில்லாதது. அரசுக்கு அந்த நிச்சயம் கிடைக்கிறது என்றால், நிச்சயமின்மை வேறு யாரிடமோ போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த வேறு யாரோ, மாத வருமானம் இன்னது என்று கட்டுப்பட்டுவிட்ட, சம்பாதிக்கும் வயதைக் கடந்துவிட்ட ஒருவர். குடும்பத்தில் தாங்கும் சக்தி மிகக் குறைந்தவர் தலையில் மிகக் கனமான மூட்டையை வைப்பது இது.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. ஏப்ரல் 2011-ல் பிரதிநிதிகள் சபையின் பட்ஜெட் குழுத் தலைவர் பால் ரயன் கொண்டுவந்த திட்டம் நீங்கள் கேட்பதற்கு மிக அருகில் இருந்தது. அப்போது 55 வயதைத் தொட்டவர்களுக்கு ஒன்றும் மாறாது. 2022 முதல் மெடிகேர் வயதுக்கு வருகிறவர்களுக்கு அசல் மெடிகேரே கிடையாது. 65 வயதுக்காரருக்கு வருடம் சராசரியாக 8,000 டாலர், அது தனியார் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போகும். பிந்தைய வருடங்களில் இந்தத் தொகை பொதுவான விலைவாசிக் குறியீட்டின்படி ஏறும். தகுதி வயதும் மெல்ல 67-க்கு உயரும். பிரதிநிதிகள் சபை அந்த பட்ஜெட்டை 235-க்கு 193 என்ற வாக்கில் நிறைவேற்றியது. செனட் நிராகரித்தது.

எந்தக் கட்சியையும் சாராத காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகம் அந்தத் திட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. 2030-ல் ஒரு 65 வயதுக்காரரின் மொத்த மருத்துவச் செலவில் 68 சதவீதத்தை அவரே கட்ட வேண்டிவரும் என்றது. மெடிகேர் இருந்தபடியே தொடர்ந்தால் அவர் கட்டுவது 25 முதல் 30 சதவீதம். இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு இரண்டு காரணங்கள். அரசின் தொகை விலைவாசியோடு நடக்க, மருத்துவச் செலவோ காலங்காலமாக அதைவிட வேகமாக ஓடி வந்திருக்கிறது. அடுத்த காரணம் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்: அதே சிகிச்சையைத் தனியார் காப்பீடு வழியாக வாங்கினால் மொத்தச் செலவே கூடுகிறது. அரசு மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் முதியவர் ஒரு டாலருக்கு மேல் கொடுக்கிறார். அந்தச் சட்டம் நிறைவேறியிருந்தால் நீங்கள் 2045-ல் அதற்குள் நுழைந்திருப்பீர்கள், எஸ்.

போட்டி வந்தால் விலை குறையும் என்பது பெரும்பாலான பொருட்களில் உண்மை. மருத்துவத்தில் விலையை நிர்ணயிப்பது யாருக்குப் பேரம் பேசும் பலம் இருக்கிறது என்பதுதான். மெடிகேர் 1983-லிருந்து மருத்துவமனைகளுக்கு, இன்ன நோய்க்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை வைத்துக் கொடுக்கிறது. ஆறரைக் கோடிக்கு மேல் பேருக்காக வாங்குகிறவரின் சொல்லை எந்த மருத்துவமனையும் தட்ட முடியாது. தனியார் கம்பெனிகளுக்கு அந்தப் பலம் கிடையாது. வேலை செய்யும் இடங்கள் வழியாக வரும் தனியார் காப்பீடு 2022-ல் மருத்துவமனைகளுக்குக் கொடுத்த விலை, மெடிகேர் விலையைப்போல சராசரியாக 254 சதவீதம் என்று ராண்ட் நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. அதாவது இரண்டரை மடங்கு. உங்கள் கம்பெனி கொடுக்கும் காப்பீடும் இந்தக் கணக்கில் வருவதுதான்.

"மெடிகேர் அட்வான்டேஜ் தனியார்தானே, அது நன்றாகத்தானே நடக்கிறது?" என்று நீங்கள் அடுத்து கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான், ஏனென்றால் நீங்கள் சொல்லும் சோதனை ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது. 2024-ல் மெடிகேர் மூத்தோரில் 54 சதவீதம் பேர் தனியார் கம்பெனிகள் நடத்தும் இந்தத் திட்டங்களில்தான் இருந்தார்கள். இதில் உள்ள நல்லதை மறைக்க மாட்டேன். கையிலிருந்து போகும் பணத்துக்கு உச்சவரம்பு உண்டு. பெரும்பாலான திட்டங்களில் பல்லும் கண்ணும் ஓரளவாவது சேர்ந்து வருகின்றன. பார்ட் ஏ, பி சிகிச்சைகளைத் தர இந்தக் கம்பெனிகள் கேட்கும் தொகையும், அசல் மெடிகேர் அதே வட்டாரத்தில் செலவழிப்பதைவிடக் கணிசமாகக் குறைவு.

ஆனால் அரசு கடைசியில் கொடுப்பது குறைவாக இல்லை. காங்கிரஸுக்கு ஆலோசனை சொல்லும் மெட்பேக் குழுவின் மதிப்பீட்டில், 2025-ல் இதே மூத்தோர் அசல் மெடிகேரில் இருந்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட 20 சதவீதம், அதாவது 84 பில்லியன் டாலர், கூடுதலாகப் போனது. ஒப்பீட்டளவில் ஆரோக்கியமானவர்கள் இந்தத் திட்டங்களில் சேருகிறார்கள். சேர்ந்த பிறகு அவர்களின் நோய்க் குறியீடுகளைக் கம்பெனிகள் ஒன்று விடாமல் பதிவு செய்கின்றன. காகிதத்தில் நோயாளி எவ்வளவு மோசமோ அவ்வளவு பணம் அரசிடமிருந்து வரும் என்பதுதான் விதி. எனவே செவிலியரை வீட்டுக்கே அனுப்பி, சிகிச்சை எதுவும் தராமல், குறியீடுகளை மட்டும் சேர்த்துக்கொண்டு வரும் வழக்கம் வளர்ந்திருக்கிறது. அதோடு, நெட்வொர்க்குக்கு, அதாவது திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளின் பட்டியலுக்கு, வெளியே உள்ள மருத்துவமனைகூட இந்தத் திட்டத்து நோயாளியிடம் மெடிகேர் விலைக்கு மேல் கேட்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கம்பெனிகள் குறைந்த விலையில் பேரம் முடிப்பது அந்தப் பின்பலத்தில்தான். அசல் மெடிகேரை எடுத்துவிட்டால் அந்த விலையும் போய்விடும்.

கார் இன்சூரன்ஸ் ஒப்பீடு எங்கே பொருந்தாமல் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நூறு கார்களில் எது மோதும் என்று கம்பெனிக்குத் தெரியாது. எல்லாரையும் சேர்த்து வைத்து ஆபத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நூறு எழுபது வயதுக்காரர்களில் யாருக்கு அடுத்த வருடம் அதிகச் செலவாகும் என்பதை அவர்களின் மருந்துச் சீட்டைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவரைத் தவிர்ப்பதே ஒரு கம்பெனிக்கு லாபத்துக்கான சுருக்கு வழி. எல்லாரையும் சேர்த்தாக வேண்டும் என்று சட்டம் போடலாம். ரயன் திட்டத்திலும் அப்படி விதி இருந்தது. ஆனால் விண்ணப்பத்தை மறுக்க முடியாத இடத்தில், நல்ல புற்றுநோய் மையத்தை நெட்வொர்க்கில் சேர்க்காமலும், விலை உயர்ந்த மருந்தை நோயாளி அதிகம் கட்ட வேண்டிய மேல் அடுக்கில் வைத்தும், ஜிம் உறுப்பினர் அட்டையைக் கொடுத்தும், யார் வர வேண்டும் என்பதை ஒரு கம்பெனி தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியும்.

விதியே இல்லாத சந்தை எப்படி இருக்கும் என்பது நம்மவர்களுக்கு நன்றாகவே தெரியும். கிரீன் கார்டுக்கு முன்னால் உங்கள் பெற்றோர் விசிட்டர் விசாவில் வந்து போன நாட்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் வாங்கியிருப்பீர்கள். வயது எழுபதைத் தாண்டியதும் பிரீமியம் எகிறி, கவரேஜ் சுருங்கும். "ஏற்கனவே உள்ள நோய்களுக்குப் பொருந்தாது" என்ற பகுதியைப் படித்துவிட்டு, ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இல்லாத ஒரு எழுபது வயதுக்காரரை எங்கே தேடுவது என்று நினைக்காதவர் யார்? திடீரென்று தீவிரமானால் மட்டும் ஒரு எல்லைவரை கொடுப்போம் என்று ஒரு உட்பிரிவு இருக்கும். எது திடீர், எது பழையது என்று தீர்ப்பு சொல்வது அந்தக் கம்பெனியே. பெற்றோர் இங்கே இருக்கும் ஆறு மாதமும் அவர்களுக்கு ஒரு இருமல் வந்தால்கூட நாம் பதறுவோம். அந்தப் பதற்றம் ஊர் திரும்பும் விமானத்தில் அவர்களை ஏற்றிவிட்ட பிறகுதான் தணியும். இங்கேயே நிரந்தரமாக வாழும் முதியவருக்கு ஏறிப் போக விமானம் இல்லை.

1965-க்கு முன்னால் இந்த நாட்டு முதியவர்கள் ஏறக்குறைய இந்த நிலையில்தான் இருந்தார்கள். வேலையில் இருக்கும்வரை கம்பெனிக் காப்பீடு; ஓய்வு பெற்ற அன்றே அது போய்விடும். தனியாக வாங்கப் போனால் வயதுக்கும் நோய்க்கும் ஏற்ப விலை. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மருத்துவமனைக் காப்பீடு இல்லை. இந்தக் கூட்டத்தைக் காப்பீட்டுக் கம்பெனிகளும் பெரிதாக விரும்பவில்லை, லாபம் கிடைக்காது என்பதால். அந்த வெற்றிடத்தில் வந்ததுதான் மெடிகேர். ஜூலை 30, 1965 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் மிசௌரியில் உள்ள இன்டிபென்டன்ஸ் ஊருக்குப் போய், முன்னாள் அதிபர் ஹாரி ட்ரூமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையெழுத்திட்டார். எல்லாருக்குமான மருத்துவக் காப்பீட்டுக்காக இருபது வருடம் முன்பே போராடித் தோற்றவர் ட்ரூமன். முதல் மெடிகேர் அட்டை அவருக்குத்தான் போனது.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. மெடிகேர் பணம் வேண்டும் என்றால் நோயாளிகளைத் தோல் நிறத்தால் பிரித்து வைக்கக் கூடாது என்று 1966-ல் நிபந்தனை போட்டார்கள். கறுப்பர்களுக்குத் தனி வார்டு, தனி வாசல் என்று வைத்திருந்த தென்மாநில மருத்துவமனைகளில் பெரும்பாலானவை சில மாதங்களுக்குள் அதைக் கைவிட்டன. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டைக் கொடுத்து, போய் உனக்கு வேண்டியதை வாங்கிக்கொள் என்று சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. ஒரே வாங்குபவராக அரசு நின்றதால் நடந்தது.

மூத்தோரைக் குழந்தைகள்போல நடத்துகிறோம் என்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ரிஹேப் மையத்துக்கு மாற்றியிருந்தார்கள். மெடிகேர் அட்வான்டேஜ் திட்டம் ஒன்றில் இருந்தார். பிரீமியம் இல்லாத, பல் வைத்தியமும் உள்ள திட்டம் என்று மகள்தான் ஆசையாகப் பார்த்துச் சேர்த்திருந்தாள். நான் போயிருந்த அன்று மதியம் ஒரு ஊழியர் இரண்டு பக்கத் தாளைக் கொண்டுவந்து, சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சக்கர மேஜையில் வைத்துக் கையெழுத்து கேட்டார். "எதுக்கும்மா கையெழுத்து?" என்று அந்த அம்மா என்னைப் பார்த்தார். இன்னும் இரண்டு நாளில் உங்கள் சிகிச்சைக்குப் பணம் கொடுப்பதை நிறுத்துகிறோம் என்று திட்டம் அனுப்பிய அறிவிப்பு அது. கையெழுத்து அதைப் பெற்றுக்கொண்டதற்கு. அதன் கீழே ஒரு எண். மறுநாள் நண்பகலுக்குள் அந்த எண்ணைக் கூப்பிட்டு அப்பீல் செய்யலாம்.

அன்று காலைதான் பிசியோதெரபிஸ்ட் தன் குறிப்பில் எழுதியிருந்தார்: வாக்கர் பிடித்து, பக்கத்தில் ஒருவர் தாங்கினால், கட்டிலிலிருந்து கதவுவரை. வீட்டிலோ படுக்கையறை மாடியில். மகள் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு அந்த எண்ணோடும் குறிப்புகளோடும் மாலை முழுக்கப் போராடினாள். அப்பீல் ஜெயித்தது. பத்து நாள்கூட ஆகவில்லை, அதே அறிவிப்பு மறுபடியும் வந்தது. இந்த முறை தோற்றது. மாடிப்படியில் ஏற முடியாத அம்மாவுக்குக் கீழே வரவேற்பறையில் கட்டில் போட்டார்கள்.

அந்த அம்மா எந்த விதத்திலும் குழந்தை இல்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். இடுப்பு முறிந்து, மயக்க மருந்தின் அயர்ச்சி நீங்காமல், அந்நிய மொழியில் இரண்டு நாள் கெடு வைத்த தாளோடு யாருமே சரியாகப் பேரம் பேச முடியாது. அசல் மெடிகேரிலும் ரிஹேப் முடிவில்லாமல் நீளாது. முதல் 20 நாள் முழுதாக, பிறகு நோயாளி பங்கோடு 100 நாள்வரை என்று எல்லை உண்டு. ஆனால் அங்கே, சீக்கிரம் அனுப்பினால் மிச்சமாகும் பணம் யாருடைய லாபக் கணக்கிலும் சேர்வதில்லை.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஒரு மாதிரியை எடுத்துப் பார்த்து 2022-ல் அறிக்கை வெளியிட்டது. சிகிச்சைக்கு முன்பே கேட்டு, இந்தத் திட்டங்கள் மறுத்த முன் அனுமதிகளில் 13 சதவீதம், மெடிகேர் விதிப்படி கொடுத்திருக்க வேண்டியவை. அதே வருடத்துக் கணக்கில், மறுக்கப்பட்டவற்றில் பத்தில் ஒன்றுக்குத்தான் யாராவது அப்பீல் செய்தார்கள். அப்பீல் செய்தவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் முடிவு மாறியது. மீதி ஒன்பது பேர் என்ன ஆனார்கள்? அவர்களில் பலர் தமக்கு உரிமை இல்லை என்றே நம்பிப் போயிருப்பார்கள். பக்கத்தில் விடுப்பு எடுக்க மகள் இல்லாதவர்களும் அவர்களுக்குள் உண்டு.

தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் எனக்கும் பிடிக்கும். ஆனால் 2024-ல் சராசரி மூத்தோர் ஒருவருக்கு முன்னால் 43 அட்வான்டேஜ் திட்டங்கள் இருந்தன. அவற்றை ஒப்பிடச் சரியான நெட்வொர்க் பட்டியல், மருந்து அடுக்கு, முன் அனுமதி விதி எல்லாம் வேண்டும். இவற்றுக்கு மேலாக, அடுத்த வருடம் தனக்கு என்ன நோய் வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். கைசர் குடும்ப அறக்கட்டளையின் ஆய்வில் சுமார் பத்தில் ஏழு பேர் வருடாவருடம் திட்டம் மாற்றிக்கொள்ளும் பருவத்தில் திட்டங்களை ஒப்பிட்டே பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை அந்த வீடுகளில் ஓயாமல் அடிக்கும் ஏஜென்ட்களின் போனைக் கேட்டால் உங்களுக்கும் தோன்றாது.

உங்கள் பக்கத்து வாதத்தின் பலமான வடிவத்தைத் தொடாமல் விட்டால் நியாயமாகாது. அசல் மெடிகேரையும் ஒரு திட்டமாக வைத்துக்கொண்டு, தனியாரோடு சமமாக ஏலம் கேட்க விடுவது என்ற யோசனை அது. 1999-ல் இரு கட்சிக் குழு ஒன்று 17 பேரில் 10 பேர் ஆதரித்தும் வேண்டிய 11 கிடைக்காமல் கலைந்தது. 2011 இறுதியில் ரயனே ஜனநாயகக் கட்சியின் ரான் வைடனோடு சேர்ந்து இந்த வடிவத்துக்கு வந்தார். ஆலிஸ் ரிவ்லின்போல நான் மதிக்கும் பொருளாதார அறிஞரும் ஆதரித்தார். 2013-ல் காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகம் இரண்டு விதமாகக் கணக்குப் போட்டது. இரண்டாவது குறைந்த ஏலத்தொகையை அரசு கொடுக்கும் பங்குக்கு அளவாக வைத்தால் அரசுக்கு 11 சதவீதம் மிச்சம். மூத்தோருக்குச் சராசரியாக 11 சதவீதம் கூடுதல் செலவு. சராசரி ஏலத்தொகையை வைத்தால் அரசுக்கு 4 சதவீதம் மிச்சம், மூத்தோருக்கும் 6 சதவீதம் குறைவு.

சராசரி ஏலத்தொகையின் அந்த முடிவு என்னை யோசிக்க வைத்தது. வைத்துக்கொண்டே இருக்கிறது. ஆயினும் தயங்குகிறேன். சராசரி குறைந்தாலும், மயாமிபோல அசல் மெடிகேரின் செலவு அதிகமான ஊர்களில் பழைய மருத்துவரை விடாமல் அதிலேயே இருக்க விரும்பும் நோயாளிக்குப் பிரீமியம் பெரிதாக ஏறும். அப்படி இருக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அதிக நோயுள்ளவர்கள். அவர்கள் மட்டும் மிஞ்சினால் அதன் செலவு இன்னும் ஏறும், இன்னும் சிலர் வெளியேறுவார்கள். 1995-ல் இந்த யோசனைக்கு வடிவம் கொடுத்த இருவரில் ஒருவர் ஹென்றி ஆரன். பிற்பாடு அவரே இதை எதிர்த்து எழுதினார். ஸ்விட்சர்லாந்திலும் நெதர்லாந்திலும் தனியார் காப்பீடு நன்றாக நடக்கிறது என்பீர்கள். நடக்கிறது. அங்கே எல்லா வயதினரும் ஒரே குளத்தில் இருக்கிறார்கள், அடிப்படைத் தொகுப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதை அரசே எழுதுகிறது, அடிப்படைக் காப்பீட்டில் ஸ்விஸ் கம்பெனி லாபமே எடுக்க முடியாது. அப்படி ஒரு கடிவாளத்தை வவுச்சர் கேட்பவர் யாரும் இங்கே கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த 11 சதவீதப் பள்ளத்துக்கு என்ன செய்வது? அட்வான்டேஜ் திட்டங்களுக்குக் கூடுதலாகப் போகும் பணத்திலிருந்து தொடங்கலாம். ஒரே ஊசியை மருத்துவரின் அறையில் போட்டால் ஒரு விலை, அந்த அறையை மருத்துவமனை வாங்கிவிட்டால் அதைவிட அதிக விலை என்ற கூத்தை நிறுத்தலாம். போலி கிளெய்ம்களைப் பிடிக்க இன்னும் ஆட்களைப் போடலாம். மருந்து விலையில் என்ன முடியும் என்று 2022 சட்டம் காட்டிவிட்டது: இன்சுலினுக்கு மாதம் 35 டாலர், பார்ட் டி-யில் கையிலிருந்து போவதற்கு 2025 முதல் உச்சவரம்பு, அந்த வருடம் அது 2,000 டாலர், பத்து மருந்துகளுக்கு அரசு பேசி முடித்த விலை 2026 ஜனவரி முதல். தேவைப்பட்டால் உங்களிடமிருந்தும் என்னிடமிருந்தும் இன்னும் கொஞ்சம் வரியும். நாம் கட்டும் 1.45 சதவீதம் நமக்கான உண்டியலில் விழுவதில்லை. இன்று படுக்கையில் இருக்கும் யாரோ ஒருவரின் பில்லுக்குப் போகிறது. நம் முறை வரும்போது நம் பிள்ளைகளின் தலைமுறை கட்டும். இந்த ஏற்பாட்டை நான் மனதார ஏற்கிறேன்.

உங்கள் பெற்றோர் விஷயம் காத்திருக்க முடியாதது என்பதால் கடைசியாக அது. மாதம் 703 டாலர் ஒருவருக்குக் கனம்தான், குறிப்பாக இருவருக்கும் ஒருவரே கட்டும்போது. ஐந்து வருடம் முடியும் மாதத்தை ஒட்டி அவர்களுக்கு ஏழு மாத அவகாசம் திறக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த ஜனவரி முதல் மார்ச் வரை காத்திருக்க வேண்டும், அபராதமும் சேரலாம். பார்ட் பி தொடங்கும் மாதத்திலிருந்து ஆறு மாதம்தான் மெடிகேப் (அசல் மெடிகேர் கொடுக்காமல் விடும் பங்கைக் கட்டும் தனியார் துணைக் காப்பீடு) கம்பெனிகள் நோயைக் காரணம் காட்டாமல் அவர்களைச் சேர்த்தாக வேண்டும். அதன் பிறகு டெக்சஸில், சில விதிவிலக்குகள் தவிர, மறுக்கலாம். நியூயார்க், மாசசூசெட்ஸ், கனெக்டிகட், மெய்ன் போன்ற சில மாநிலங்களில்தான் அந்தக் கதவு பின்னாலும் திறந்திருக்கிறது. பிரீமியம் இல்லை என்று முதலில் அட்வான்டேஜில் சேர்ந்துவிட்டு, நோய் முற்றிய பிறகு திரும்பி வர நினைத்து முடியாமல் நிற்பவர்கள் நிறைய. எதில் சேர்ப்பது என்பதை ஏஜென்ட் யாரிடமும் பேசுவதற்கு முன் மாநிலத்தின் இலவச ஆலோசனை சேவையில் கேளுங்கள். டெக்சஸில் அதற்கு ஹைகேப் என்று பெயர், கமிஷன் வாங்காதவர்கள். போகும்போது அப்பா அம்மா இருவரின் மருந்துப் பட்டியலையும், அவர்கள் விட விரும்பாத மருத்துவர்களின் பெயர்களையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்